ஏழாம் கவுன்ட்டரின் ஒரு நொடி

பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். நிமிடத்துக்கு எண்பது சொல் அடிப்பாள். அடித்துக்கொண்டே பக்கத்து மேசைக்காரரோடு சண்டையும் பிடிப்பாள். இரண்டிலும் பிழை இருக்காது என்பது அலுவலகத்தில் நிலவிய கருத்து. அவளுடைய கருத்தும் அதுவேதான்.

முதல் வேலை ஒரு வழக்கறிஞரிடம். அப்போது வயது பத்தொன்பது. சேர்ந்த மூன்றாம் மாதம், போன வாரத் தேதி போட்டு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார்.

"இன்னிக்கு வியாழக்கிழமை சார்."

"தெரியும்மா. நீ அடி."

அன்றைய தேதியைப் போட்டு அடித்து அவர் மேசையில் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஒரு தேதிக்காகவா வேலையை விடுவாங்க?"

"உன் கல்யாணத் தேதியை ஒரு வாரம் முன்னாடி மாத்திப் போடட்டுமா? மாப்பிள்ளை அப்ப வேற ஊர்ல இருந்தாரு, பரவாயில்லையா?"



அடுத்து பேருந்துக் கழகத்தில் தட்டச்சர். சுற்றறிக்கைகளில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தி அடிப்பது அவள் வழக்கம். அதோடு நிறுத்தியிருந்தால் மேலே இருப்பவர்கள் பொறுத்துப் போயிருப்பார்கள். கருத்துப் பிழையையும் திருத்தத் தொடங்கினாள். நான்காம் வருடம், கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலிருந்த நெட்வொர்க் அறைக்கு அவளை மாற்றினார்கள். அங்கே இரண்டு மேசை, ஒரு ஜன்னல், சுவர் முழுக்க ஒயர். மனிதர்கள் குறைவு என்பதால் சண்டையும் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அவளோ ஆறே மாதத்தில் அங்கிருந்த தடித்தடிக் கையேடுகளை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டாள். யாருக்கும் பிடிபடாத கோளாறா, மின்னலைக் கூப்பிடு என்ற நிலை வந்துவிட்டது. பதினோரு வருடம் அப்படியே ஓடியது.

கழகத்துக்கு எட்டு ஊர்களில் முப்பத்தெட்டு முன்பதிவு கவுன்ட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை எழுத்துத் திரை, ஒரு விசைப்பலகை, மேசைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. குமாஸ்தா அடிக்கும் எழுத்துகளைப் பெட்டி சேர்த்து வைத்துக்கொள்ளும். போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு பொட்டலமாகக் கட்டி, முகவரி எழுதி, கம்பியில் ஏற்றிவிடும். எட்டு ஊர்ப் பொட்டலங்களும் ஒரே கம்பியில் முந்திப் பிந்தி ஓடி, தலைமை அலுவலகத்திலிருந்த மையக் கணினியில் போய் இறங்கும். எப்போது பொட்டலத்தைக் கட்டுவது, அடித்த எழுத்தைத் திரையில் காட்டுவதா வேண்டாமா, எந்த விசைக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் பதினெட்டு செட்டிங்குகள் முடிவு செய்யும். ஒவ்வொரு செட்டிங்கும் வெறும் ஓர் எண்தான். அந்த எண்ணை மாற்றினால் பெட்டியின் புத்தியே மாறிவிடும்.

ஒரு வருடமாக ஏழாம் கவுன்ட்டரில் ஒரு தொல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த பெரிய பேருந்து நிலையத்தின் கவுன்ட்டர் அது. அங்கே இருபது வருடமாக உட்கார்ந்திருந்தவர் ஐம்பத்து நான்கு வயதுக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் விற்ற இருக்கையை வேறு கவுன்ட்டரும் விற்றிருக்கும். பேருந்துக்குள் பதினாலாம் இருக்கைக்கு இரண்டு பேர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். மையக் கணினியின் பட்டியலைப் பார்த்தால், இவர் பதினாலைப் பதிவே செய்திருக்க மாட்டார். இவர் கைப்பட எழுதிக் கொடுத்த டிக்கெட்டில் மட்டும் பதினாலு இருக்கும். வருடத்தில் எட்டுத் தடவை இப்படி நடந்தது. ஒரு தடவை கைகலப்பே ஆகி ஒருவரின் மூக்குக் கண்ணாடி உடைந்தது.

புகார் வரும்போதெல்லாம் மின்னல் போய்ச் சோதிப்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, படபடவென்று இருபது இருக்கைகளைப் பதிவு செய்து, பட்டியலை எடுத்துப் பார்ப்பாள். இருபதும் சரியாக இருக்கும். "லைனில் கோளாறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். அப்படி ஏழு அறிக்கைகள் கொடுத்திருந்தாள்.

எட்டாவது புகாரோடு அவருக்கு விசாரணை நோட்டீஸும் போயிற்று. தொடர் கவனக்குறைவு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. கவுன்ட்டரிலிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே டயர் கிடங்குக்கு அனுப்புவதாக முன்கூட்டியே பேச்சு அடிபட்டது. புதன்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரத்தில், மின்னல் எட்டாவது சோதனைக்குப் போனாள்.

அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவரிடமும் ஒரு சூடு இருந்தது.

"வாம்மா. ரிப்போர்ட்டை ஆபீஸ்லயே எழுதி எடுத்துட்டு வந்திருக்கலாமே. இவ்வளவு தூரம் எதுக்கு வெயில்ல நடக்குற?"

"லைன் நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதானே அண்ணே எழுத முடியும்?"

"நல்லாத்தான் இருக்கும், உன் கைக்கு. உனக்கு என்ன, தட்டுனா மழை கொட்டுற மாதிரி இருக்கு. நீ ஒரு தடவை என்னை மாதிரி அடிச்சுப் பாரேன்."

"உங்களை மாதிரின்னா எப்படி? இப்படியா?" மின்னல் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒன்றை அடித்தாள். தலையை நிமிர்த்தி, கம்பி இடைவெளி வழியாக யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, அவர் குரலிலேயே இழுத்தாள். "ஏங்கம்மா, ஜன்னல் பக்கந்தானே? வாந்தி ஒண்ணும் வராதே?" பிறகு குனிந்து, விசையைத் தேடி, நாலை அடித்தாள்.

அடுத்த கவுன்ட்டர் பெண் குபீரென்று சிரித்தாள். அவரும் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். மின்னல் சிரித்துக்கொண்டே பட்டியலை எடுத்தாள்.

பதினாலு இல்லை. ஒன்று இருந்தது.

மின்னலின் சிரிப்பு அப்படியே உறைந்தது. மறுபடி அடித்தாள். இரண்டு, நிமிர்ந்து ஒரு பார்வை, மூன்று. திரையில் இருபத்து மூன்று. பட்டியலில் இரண்டு. படபடவென்று அடித்தால் இருபத்து மூன்று. நிறுத்தி அடித்தால் இரண்டு.

"அண்ணே, சண்டை வந்த வண்டியில எல்லாம் எந்த சீட் காலியா இருந்துச்சு?"

"முன்வரிசைதான். அது எப்பவும் காலியாத்தான் கிடக்கும். அங்கதான் ஒருத்தரை உக்கார வச்சு சமாதானம் பண்ணி அனுப்புவேன். ஏன்?"

அவள் மேசைக்கு அடியில் குனிந்தாள். பெட்டியின் செட்டிங்குகளைத் திரைக்குக் கொண்டு வந்தாள். நாலாம் செட்டிங்கில் இருபது என்று இருந்தது. இருபது என்றால் ஒரு நொடி. ஒரு நொடி விரல் நின்றால், அடித்து முடித்தாயிற்று என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். கையிலிருக்கும் அரைகுறைப் பொட்டலத்தைக் கட்டி அனுப்பிவிடும். ஒன்று போய்ச் சேர்ந்து, முன்வரிசையில் ஆளில்லாத ஓர் இருக்கை விற்றதாகப் பதிவாகிவிடும். பின்னால் வரும் நாலை, இது என்ன தனியாக, என்று மையக் கணினி தூக்கிப் போட்டுவிடும். பதில் மட்டும் வழக்கம்போல "சரி" என்று வரும்.

பயணியின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் மனிதர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு பார்வைக்கு ஒரு நொடி ஆகும். மின்னலோ பதினோரு வருடமாக யார் முகத்தையும் பார்த்துத் தட்டியதில்லை.

"தப்பு உங்க மேல இல்லண்ணே. பெட்டி உங்களைப் பேச விடாம பாதியிலேயே வாயை மூடுது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நான், ஏழு தடவை வேகமா அடிச்சுட்டுப் போயிருக்கேன்."

அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். "அப்ப எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சோன்னு நான் டாக்டர்கிட்டப் போனது?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த இருபதை யார் போட்டது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு வருடத்துக்கு முன் தலைமைப் பொறியாளர் அனுப்பிய சுற்றறிக்கை கோப்பில் இருந்தது. சில குமாஸ்தாக்கள் வரி முடிவில் என்டர் விசையை அழுத்த மறந்து, திரை உறைந்து நிற்க, வரிசை வாசல்வரை நீண்டது. என்டருக்குக் காத்திருக்கும் செட்டிங்கை எடுத்துவிட்டு ஒரு நொடிக் கடிகாரத்தைப் போட்டவர் அவர். வரிசை குறைந்தது. அதற்காகக் கழகம் அவருக்குக் கொடுத்த பாராட்டுக் கேடயம் அவர் மேசையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் நின்றது.

வியாழன் காலை அவள் அந்தக் கேடயத்துக்கு எதிரே நின்றாள்.

"சார், நாலாம் செட்டிங்கை எடுக்கணும். முப்பத்தெட்டு பெட்டியிலயும்."

அவர் நடந்ததைக் கேட்டார். முட்டாள் இல்லை, பாதியிலேயே புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. புரிந்ததும் கண் ஒருமுறை கேடயத்துக்குப் போய் வந்தது.

"முப்பத்தேழு கவுன்ட்டர் ஓடுதுல்ல? அங்க எல்லாம் ஒண்ணு ரெண்டு தவிர புகாரே இல்ல. ஒருத்தர் மெதுவா அடிக்கிறாருங்கிறதுக்காக நெட்வொர்க்கையே மாத்தச் சொல்றியா? அவரைத் தட்டச்சு வகுப்புக்கு அனுப்பு."

"முப்பத்தேழு பேரும் மெஷினைப் பாத்து அடிக்கிறாங்க சார். இவர் மனுஷனைப் பாத்து அடிக்கிறார். தண்டனை இவருக்கா?"

"வசனம் பேசாதே. ஏழு ரிப்போர்ட்டுல கோளாறு இல்லன்னு எழுதினது யாரு? நானா?"

அது பட்டது. பட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருக்க அவள் அங்கே நிற்கவில்லை.

மாலையில் கணவரிடம் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர்; எதையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"அப்ப நீ எழுதிக் கொடுத்தது பொய்யா?"

"பொய் இல்ல. தப்பு."

"டயர் கிடங்குக்குப் போறவருக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

"நீங்க யார் பக்கம்?"

"நான் உன் பக்கந்தான். அதான் கேக்குறேன். நாளைக்கு அங்க போய் நின்னா முதல் அடி உனக்குத்தான் விழும். பதினோரு வருஷமா மின்னல், மின்னல்னு பேரு வாங்கியிருக்கே."

"விழட்டும். இடி விழுந்தாத்தானே சத்தம் கேக்கும்."

அவர் சிரித்தார். காலையில் அவளுடைய செருப்பின் அறுந்த வாரைத் தைத்து வாசலில் வைத்திருந்தார்.

விசாரணை பேருந்து நிலைய மேலாளர் அறையில். ஏழாம் கவுன்ட்டருக்கு அடுத்த கதவு. விசாரித்தவர் நிர்வாக அதிகாரி, கழுத்துச் சங்கிலியில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு பெண்மணி. பக்கத்தில் தலைமைப் பொறியாளர். எதிரே கவுன்ட்டர்காரர், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு. மேசையில் மின்னலின் ஏழு அறிக்கைகள், தேதிவாரியாக. அவளை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் அதிகாரி.

"அந்த ஏழு ரிப்போர்ட்டுலயும் கையெழுத்துப் போட்டவ. ஏழும் தப்பு. திருப்பி எடுத்துக்க வந்திருக்கேன்."

"மேடம், இது டெக்னிக்கல் விஷயம்" என்று பொறியாளர் தொடங்கினார்.

"அவ்வளவு ஒண்ணும் டெக்னிக்கல் இல்ல மேடம். ஒரே ஒரு டிக்கெட் நீங்க போட்டுப் பாருங்க. ரெண்டடி தூரந்தான்."

அதிகாரிக்கு ஆர்வமா, எரிச்சலா தெரியவில்லை, எழுந்து வந்தார். கவுன்ட்டருக்கு வெளியே வரிசை தூணைச் சுற்றி வளைந்து நின்றது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழாம் கவுன்ட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்காட்டி விரலை நீட்டி இரண்டை அடித்தார். விரல் காற்றில் அலைந்தது. "மூணு எங்க இருக்கு... ஆங்." மூன்றையும் அடித்தார். "சரி" என்று வந்தது. மின்னல் பட்டியலை எடுத்துக் காட்டினாள்.

"நான் இருபத்து மூணுதானே அடிச்சேன்?"

"ஆமா மேடம்."

"ரெண்டுன்னு இருக்கே?"

"ஆமா மேடம். உங்களையும் டயர் கிடங்குக்கு அனுப்பலாமா?"

கவுன்ட்டர்காரர் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரியின் காது சிவந்தது. ஆனாலும் அவர் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். பத்தொன்பது ஒன்றானது. நிமிர்ந்து பொறியாளரைப் பார்த்தார்.

"ஆராயணும் மேடம்" என்றார் அவர். "ஒரு குழு போட்டு, எல்லா செட்டிங்கையும் பாத்து, முறைப்படி உத்தரவு..."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "சரி. எழுத்துல உத்தரவு வரட்டும். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. அதுவரைக்கும் இவர் கவுன்ட்டர்ல உக்கார வேண்டாம். கிடங்குல இருக்கட்டும்."

"தப்பு பண்ணின பெட்டி இங்கேயே இருக்கலாம், இவர் இருக்கக்கூடாதா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

மின்னல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாலாம் எண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை. பெட்டி தன் நினைவில் பழைய எண்களின் பிரதி ஒன்றை வைத்திருந்தது, மறுநாள் காலை எழுந்ததும் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். பிரதியோடு சேர்த்து அத்தனையையும் அழித்துவிட்டு, புதிதாகப் போட வேண்டும்.

"என்ன பண்றே?" பொறியாளரின் குரல் உயர்ந்தது. "தொடாதே! உத்தரவு இல்லாம அழிச்சா சஸ்பென்ஷன், சொல்லிட்டேன்!"

"எழுத்துல குடுங்க சார்" என்றாள். அழிக்கும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினாள்.

திரை இருண்டது. இணைப்பு அறுந்தது. பெட்டியின் விளக்கு ஒருமுறை அணைந்து மஞ்சளாக எரிந்தது. வரிசையில் யாரோ "போச்சு, மெஷின் படுத்துடுச்சு" என்றார். இன்னொருவர், "நாலு பேரு சேந்து ஒரு மெஷினைப் பாத்தா அது என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

அழித்த பெட்டிக்கு, அடித்ததைத் திரையில் காட்டவும் தெரியாது. பதினெட்டும் போயிருந்தது. அவள் இருட்டுத் திரையைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தாள். ஒன்று பிழைத்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கே பிழைத்தது என்று தெரியவும் வழியில்லை. வேகத்தால் ஆகக்கூடிய காரியம் ஒன்றும் அங்கே இல்லை. என்டர் விசைக்குக் காத்திரு என்பதைப் போட்டாள். நாலாவதுக்கு வந்தபோது, "நாலு, பூஜ்யம்" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பூஜ்யம் என்றால் கடிகாரம் கிடையாது. அடிப்பவர் முடித்தேன் என்று சொல்லும்வரை பெட்டி வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான். கடைசியாக, எழுத்தைக் காட்டு. சேமி.

விளக்கு பச்சையானது. திரையின் மூலையில் மையக் கணினி வணக்கம் சொன்னது.

அவள் எழுந்தாள். "உக்காருங்கண்ணே."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எங்கேயோ பார்த்தார். கவுன்ட்டர்காரர் உட்கார்ந்தார். வரிசையின் முதல் ஆள் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்.

"மெதுவா அண்ணே. நல்லா மெதுவா."

அவர் இரண்டை அடித்தார். நிமிர்ந்தார். "குழந்தைக்குக் காத்து ஒத்துக்குமாம்மா? ஜன்னல் பக்கம் போடட்டுமா?" அவள் தலையாட்டினாள். "எத்தனை மாசம் ஆச்சு?" ஏழு என்றாள். "பல்லு வந்துடுச்சா?" பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கவுன்ட்டர்காரர் சாவகாசமாகக் குனிந்து ஏழை அடித்தார். என்டரைத் தட்டினார். பட்டியலில் இருபத்து ஏழு வந்தது.

அதிகாரி தன் கோப்பை மூடினார். "இவர் இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு மின்னலிடம், "உங்களுக்கு மெமோ வரும். நான் தடுக்க முடியாது" என்றார்.

"வரட்டும் மேடம்."

மெமோ மறுநாளே வந்தது. உத்தரவின்றிக் கழகத்தின் சாதனத்தில் செட்டிங்குகளை அழித்தது ஏன், மூன்று நாளில் விளக்கம் தருக. அவள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பதில் அடித்தாள். அழித்தது நான்தான். ஏழு முறை தவறாக அறிக்கை கொடுத்ததும் நான்தான். அந்தக் குற்றம் மெமோவில் விடுபட்டிருக்கிறது, சேர்த்துக்கொள்ளவும். மீதி முப்பத்தேழு பெட்டிகளும் இன்னும் மனிதர்களின் வாயை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றையும் அழிக்கவிருக்கிறேன். நிறுத்த வேண்டுமென்றால் எழுத்தில் உத்தரவு அனுப்பவும். கடைசி வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பார்த்தாள். எதையும் மாற்றவில்லை.

எழுத்தில் உத்தரவு வரவில்லை. இருபதை அப்படியே வைத்திரு என்று கையெழுத்துப் போட்டால், அடுத்த இரட்டை டிக்கெட் யார் பெயரில் எழுதப்படும் என்பது பொறியாளருக்குத் தெரியும். எடு என்று எழுதவும் அவருக்கு மனம் வரவில்லை. இடையில் அவள் சேர்த்து வைத்திருந்த விடுப்பில் ஒன்பது நாள் எடுத்தாள். பெட்டியை அதன் கவுன்ட்டரில் உட்கார்ந்துதான் அழிக்க முடியும். ஒரு பையில் மாற்றுடை, ஒரு துண்டுத் தாளில் எண்கள். கழகத்தின் பேருந்திலேயே, முன்வரிசையில் இடம் பிடித்துக் கிளம்பினாள்.

முதல் ஊரில் நிலைய மேலாளர் கவுன்ட்டர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அவள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ முன்பே பேசியிருக்க வேண்டும்.

"உத்தரவு இருக்கா?"

"இல்ல."

"செய்யக்கூடாதுன்னு உத்தரவு?"

"அதுவும் இல்ல. உங்களுக்கு வந்திருக்கா?"

"போன்ல சொன்னாங்க. எழுதித் தரமாட்டாங்களாம்." அவர் தாடையைச் சொறிந்தார். "எங்க ரெண்டாம் கவுன்ட்டர் பொண்ணுக்குப் போன மாசம் சார்ஜ் ஷீட் குடுத்தாங்க. இரட்டை டிக்கெட்டுன்னு. அழுதுகிட்டே வேலை பாக்குது."

"மெதுவா அடிக்குமா?"

"மெதுவான்னு இல்ல. கேட்டுக் கேட்டு அடிக்கும்."

"அப்ப ரெண்டுலேருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள் மின்னல். "வரிசையில நிக்கிறவங்ககிட்ட அஞ்சு நிமிஷம் ஆகும்னு சொல்லிடுங்க. அப்புறம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், மேசைக்கு அடியில குனியணும்."